என் கம்ப்யூட்டருக்கு யார் நிர்வாகி?

போன வருடம் சென்னை ரிச்சி தெருவில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். 8-ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், 18,500 ரூபாய். "கம்பெனி பீஸ் சார், லீஸ் முடிஞ்சு வந்தது, ஒரு கீறல் பாக்க முடியாது" என்றார் கடைக்காரர். கீறல் இல்லைதான். வீட்டுக்கு வந்து திறந்தால் திரை முழுக்க ஒரு படமும் இல்லாத வெறும் கருநீலம். மாற்றலாம் என்று செட்டிங்ஸ் உள்ளே போனேன். படம் தேர்ந்தெடுக்கிற இடம் சாம்பல் பூத்துக் கிடந்தது. எத்தனை தட்டினாலும் அசையவில்லை. மேலே சிவப்பில் ஒரு வரி: இவற்றில் சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது.

எனக்கு ஏது நிறுவனம்? தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறவன் நான். நானும் என் நாற்காலியும் மட்டும்தான் நிறுவனம்.

வால்பேப்பர் போனால் போகிறது. ஆனால் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்க்கலாம் என்று பார்த்தால், மொழிக்கான பக்கமே செட்டிங்ஸில் இல்லை. பென் டிரைவைச் சொருகினால் "டிங்" என்ற சத்தம்கூட வரவில்லை. விண்டோஸ் அப்டேட்டை அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒரு பிழை எண்ணைக் காட்டியது. மறுநாள் காலைக்குள் 60 பக்கம் திருத்தி அனுப்ப வேண்டும். பழைய கம்ப்யூட்டர் அதற்கு முந்தின வாரம்தான் உயிரை விட்டிருந்தது.

இந்தச் சாம்பல் பெட்டிகளோடு எனக்குப் பழைய பகை உண்டு. 2006, 2007 வாக்கில் விழுப்புரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மாலை நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்திருப்பேன். மணிக்கு 20 ரூபாய். எட்டு கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் எக்ஸ்பி. ஒரு நடிகரின் ரசிகர் வந்து அவர் படத்தை வால்பேப்பராக வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் இன்னொரு நடிகரின் ரசிகராக இருந்தால் அன்றைக்குக் கடையில் சண்டைதான். அதனால் முதலாளி வால்பேப்பரையும் கண்ட்ரோல் பேனலையும் பூட்டி வைத்திருந்தார். ஒருநாள், என்னென்ன ஓடுகிறது என்று காட்டி நிறுத்தவும் விடுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் "உங்கள் நிர்வாகி இதை முடக்கியிருக்கிறார்" என்று வந்தது. முதலாளி எதையாவது சொல்லாமல் செய்வார், இதுவும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து அவர் என்னிடம், "ஏண்டா டாஸ்க் மேனேஜர பூட்டின? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்றார். இரண்டு பேரும் பூட்டவில்லை. யாரோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து இறங்கிய வைரஸ் பூட்டியிருந்தது. அந்தக் காலத்துப் பென் டிரைவ் வைரஸ்களில் பலவும் உள்ளே வந்ததும் டாஸ்க் மேனேஜர், ரெஜிஸ்ட்ரி எடிட்டர் (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகிற ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் கருவி), போல்டர் ஆப்ஷன்ஸ் மூன்றையும்தான் முதலில் மூடும். தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது, பார்த்தாலும் கொல்லக் கூடாது, அவ்வளவுதான் அதன் கணக்கு.

விண்டோஸுக்கு நிர்வாகி என்றால் முதலாளியா, வைரஸா, நான்தானா என்று தெரியாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் 1 என்று எழுதியிருந்தால் "உங்கள் நிர்வாகி" என்று மரியாதையாகச் சொல்லிவிடும். எழுதினது யார் என்று அது சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். புது லேப்டாப்போடு உட்கார்ந்த அன்று ராத்திரி இதெல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஒரு வீடியோவைப் பார்த்தேன். அதில் சொன்னபடி ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, தற்போதைய பயனருக்கான கிளையில் பாலிசீஸ் என்ற போல்டருக்குள் ஆக்டிவ் டெஸ்க்டாப் என்ற இடத்துக்குப் போனேன். வால்பேப்பரை மாற்றாதே என்ற பெயரில் ஒரு மதிப்பு, அதற்கு நேரே 1. அதை நீக்கிவிட்டு மறுபடி உள்நுழைந்தேன். படம் மாறியது. பக்கத்திலேயே எக்ஸ்புளோரர் என்ற கிளையில் இன்னொன்று இருந்தது. "ஹைட்", அப்புறம் ஒரு முக்காற்புள்ளி, அதற்குப் பின்னால் அரைப்புள்ளி போட்டுப் போட்டு செட்டிங்ஸ் பக்கங்களின் பெயர்கள். எந்தெந்தப் பக்கத்தை மறைக்க வேண்டும் என்று ஒரே வரியில் ஒரு பட்டியல். மொழிப் பக்கமும் அதில் இருந்தது. அதையும் நீக்கினேன். மொழிப் பக்கம் வந்தது, தமிழ் 99 வந்தது, விடிகாலை மூன்று மணிக்கு அறுபதாவது பக்கமும் முடிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அன்று புத்தியாக இருந்தேன். எதையும் நீக்குவதற்கு முன் அந்தக் கிளையின் மேல் வலது க்ளிக் செய்து, எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டேன். தப்பாகப் போனால் அந்தக் கோப்பை இரட்டை க்ளிக் செய்தால் போதும், நீக்கிய மதிப்பெல்லாம் திரும்பிவிடும். ரெஜிஸ்ட்ரியில் அன்டூ கிடையாது. செய்தது செய்ததுதான். கம்ப்யூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகிற சிஸ்டம் ரீஸ்டோர் காப்பாற்றும் என்று நம்பிவிடவும் வேண்டாம், பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே கிடக்கும். முதலில் அதை இயக்கி, ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்கிவிட்டுக் கையை வையுங்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தது ஒரு வாரம்தான் நின்றது. மனைவி வங்கி வேலைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்றாள். உருவாக்கிக் கொடுத்தேன். அவள் உள்ளே நுழைந்ததும் அதே கருநீலம், அதே சிவப்பு வரி. "நீங்க சரி பண்ணிட்டதா சொன்னீங்களே?" என்றாள்.

நான் சரி செய்தது என் கணக்கில் எழுதியிருந்ததை மட்டும்தான். எழுதுகிற கை வேறு இடத்தில் இருந்தது. விண்டோஸ் புரோ பதிப்பில் லோக்கல் குரூப் பாலிசி என்று ஒன்று உண்டு. அதன் விதிகள் விண்டோஸின் சிஸ்டம்32 போல்டருக்குள் குரூப்பாலிசி என்ற மறைந்திருக்கும் போல்டரில், ஒரு கோப்பில் இருக்கும். புதிதாக யார் உள்நுழைந்தாலும் விண்டோஸ் அந்தக் கோப்பைப் பார்த்து அவர்களுடைய ரெஜிஸ்ட்ரியிலும் அதையே எழுதும். சுவரில் ஈரம் கசிகிறது என்று சுவரைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், மேலே குழாய் ஒழுகுகிறது.

குழாயைப் பார்க்க குரூப் பாலிசி எடிட்டரைத் திறக்க வேண்டும் (ஹோம் பதிப்பில் இது இருக்காது). உள்ளே ஆயிரக்கணக்கான விதிகள், முதலில் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ் என்பதன் அடியில் "எல்லா செட்டிங்ஸும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டு, நிலை என்ற தலைப்பை ஒருமுறை தட்டி வரிசைப்படுத்தினால், யாரோ தொட்டு மாற்றிய விதிகள் மட்டும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். கம்ப்யூட்டர் பக்கம் ஒருமுறை, பயனர் பக்கம் ஒருமுறை இப்படிப் பார்க்க வேண்டும். எனக்கு 11 வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து "அமைக்கப்படவில்லை" என்பதற்கு மாற்றினேன். பத்து நிமிட வேலை. பதினொன்றும் எனக்கு வேண்டாதவை என்று தெரிந்ததால் அந்தப் போல்டரின் பெயரையே மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்திருக்கலாம், ஆனால் எதெது பூட்டியிருந்தது என்று பார்க்கும் ஆசை விடவில்லை.

அப்டேட் மட்டும் அப்போதும் வரவில்லை. எடிட்டரில் அதைப் பற்றி ஒரு விதியும் இல்லை. ஆனால் ரெஜிஸ்ட்ரியில், கம்ப்யூட்டர் முழுமைக்குமான கிளையில், பாலிசீஸுக்குள் விண்டோஸ் அப்டேட் என்ற இடத்தில் ஒரு சர்வர் முகவரி இருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தின் உள் சர்வர். முகவரியின் கடைசியில் 8530. பெரிய அலுவலகங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மைக்ரோசாஃப்டிடம் நேரடியாகப் போகாது, உள்ளே இருக்கும் ஒரு சர்வரிடம் அப்டேட்டை வாங்கிக்கொள்ளும். அந்த சர்வர் வழக்கமாகப் பேசும் போர்ட் எண்தான் அது. அலுவலகத்தின் டொமைனிலிருந்து, அதாவது எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையிலிருந்து, லேப்டாப்பைப் பிரித்தவர்கள் இந்த வரியைத் துடைக்காமல் விட்டிருக்கிறார்கள். ரிச்சி தெருவில் கைமாறி, ரயிலேறி, தாம்பரத்தில் என் மேசைக்கு வந்த பிறகும் அது தன் பழைய ஆபீஸையே தேடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. எக்ஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அந்தக் கிளையை நீக்கினேன். அன்று ராத்திரி முழுக்க அப்டேட் இறங்கியது.

பென் டிரைவ் கடைசி வரை கழுத்தை அறுத்தது. பாலிசி எல்லாம் காலி, ஆனாலும் சொருகினால் அமைதி. அதன் பூட்டு பாலிசீஸ் போல்டரிலேயே இல்லை. சர்வீசஸ் என்ற கிளையில் யூஎஸ்பிஸ்டோர் என்று ஒரு பெயர் இருக்கும். அதில் ஸ்டார்ட் என்ற மதிப்பு 3 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது. 4 என்றால் பென் டிரைவை இயக்கும் அந்த மென்பொருளை (டிரைவரை) ஏற்றாதே என்று பொருள். 3 என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் "டிங்". பல நாள் பேசாமலிருந்த சொந்தக்காரர் போன் செய்த மாதிரி இருந்தது.

பார்மட் போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும். யாரோ வைத்திருந்த கம்ப்யூட்டரில், யார் எதை நிறுவினார்கள் என்று தெரியாமல், மனைவியின் வங்கிக் கணக்கைத் திறக்க விட்டது எனக்கே சரியாகப் படவில்லை. இரண்டு வாரம் கழித்து, கோப்புகளையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை இறக்கிச் சுத்தமாக நிறுவினேன். முக்கால் மணி நேரம் ஆனது. ஏற்கெனவே டிஜிட்டல் உரிமத்தோடு செயல்பட்ட கம்ப்யூட்டரில் அதே பதிப்பை மறுபடி நிறுவினால், நெட்டில் இணைந்ததும் அதுவே ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். இரண்டு வாரமாக ஒவ்வொரு பூட்டாகத் தேடிய கதை முக்கால் மணி நேரத்தில் அடிபட்டுப் போனது. ஆனால் அந்தத் தேடலில் கற்றதுதான் பிற்பாடு மற்றவர்கள் கம்ப்யூட்டரில் உதவியது.

உதாரணத்துக்கு, நண்பர் ஒருவர் வைரஸ் என்று பதறிக் கூப்பிட்டார். அவர் புதிதாகக் கடையில் வாங்கிய கம்ப்யூட்டர், யாருடைய கையும் படாதது, ஆனால் அதே சிவப்பு வரி. பேசிப் பார்த்ததில், விண்டோஸ் வேவு பார்க்கிறது என்று யாரோ சொல்லி, அதைத் தடுக்கிற இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டி, இருக்கிற எல்லா பட்டனையும் "ஆன்" செய்திருக்கிறார். அந்த மாதிரி மென்பொருள்கள் பெரும்பாலும் இதே பாலிசி இடங்களில்தான் எழுதும். அவருக்கு அவரே நிர்வாகியாகி, அவரையே பூட்டிக்கொண்டிருந்தார். அதே மென்பொருளில் பழைய நிலைக்குத் திரும்பும் பட்டனை அழுத்தியதும் சரியானது. குரோமில் "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வருவதும் பல நேரம் இப்படித்தான், ஏதோ ஒரு ஆன்டிவைரஸோ, கூடவே வந்து ஒட்டிக்கொண்ட விளம்பர மென்பொருளோ போட்ட விதியாக இருக்கும். முகவரிப் பட்டியில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று தட்டினால் என்ன விதி என்பதைக் காட்டிவிடும்.

இத்தனை வெற்றியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அது இறங்கியது அக்கா வீட்டில்.

அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்து புது லேப்டாப் வாங்கியிருந்தாள், விண்டோஸ் 11 ஹோம். "மாமா, லினக்ஸ் போட்டுத் தாங்களேன், கிளாஸ்ல கேக்குறாங்க" என்றாள். நான் கொண்டுபோன பென் டிரைவிலிருந்து அது பூட் ஆக மறுத்தது. நம்பகமானது என்று கையொப்பமிடாத எதையும் பூட் ஆக விடாத செக்யூர் பூட் என்ற காவல் தடுக்கிறது என்று தெரிந்தது. விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற பயாஸ் உள்ளே போய், ஒரு வினாடிகூட யோசிக்காமல் செக்யூர் பூட்டை அணைத்தேன். அதற்குள் காபி வந்துவிட்டது. குடித்துவிட்டு, சும்மா விண்டோஸைத் திறந்து பார்க்கலாம் என்றால், நீலத் திரையில், டிஸ்கில் உள்ளதையெல்லாம் மறையாக்கிப் பூட்டுகிற பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கிறது. 48 இலக்கம்.

ஹோம் பதிப்பில் பிட்லாக்கர் இல்லை என்பது என் பழைய அறிவு. அந்தப் பெயரில் அது இல்லைதான். ஆனால் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அதே பூட்டு புது லேப்டாப்களில் தானாகவே போட்டுக்கொண்டு வருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் முதன்முதலில் உள்நுழையும்போது சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். "கணக்கோட பாஸ்வேர்ட் என்னம்மா?" என்றேன். கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த கணக்காம். எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே என்று தெரியாதாம். முதல் செமஸ்டர் பிராஜெக்ட் முழுக்க உள்ளே. அவள் ஒன்றும் பேசவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சமையலறையிலிருந்து, "ஆச்சாடா?" என்றாள்.

யோசித்தால் விஷயம் எளிதுதான். கம்ப்யூட்டர் பூட் ஆகிற விதம் மாறிவிட்டது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லு சந்தேகப்படுகிறது, அதனால் சாவியைத் தர மறுக்கிறது. சந்தேகம் சரிதான், கை வைத்தது நான். வைத்த கையை எடுத்தால்? மறுபடி பயாஸுக்குப் போய் செக்யூர் பூட்டைப் பழையபடி இயக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காதது மாதிரி விண்டோஸ் வந்து நின்றது. உடனே அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மீட்டு, 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி அக்காவின் பீரோவில், நகைச்சீட்டு ரசீதுகளோடு வைத்தோம். லினக்ஸை விண்டோஸுக்கு உள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் வழியாகப் போட்டுக் கொடுத்தேன். அவள் வகுப்புக்கு அதுவே போதும்.

பயாஸில் கை வைப்பதற்கு முன் சாவி எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும், முடிந்தால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். இதை எத்தனை பேருக்கு நான் உபதேசம் செய்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள். விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் உள்ள டேம்பர் புரொடெக்ஷனும் இப்படிக் காவலுக்குப் போட்ட பூட்டுதான். ரெஜிஸ்ட்ரியில் எதை எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. பிரவுசிங் சென்டர் வைரஸ் மாதிரி எவனாவது வந்து எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி. அதை மாற்ற வேண்டுமென்றால் விண்டோஸ் செக்யூரிட்டி உள்ளே போய் நாமே நம் கையால் அணைக்க வேண்டும். எஸ் மோடில் வரும் லேப்டாப்பும் அப்படியே. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றைத் தவிர வேறெதையும் நிறுவ விடாது என்று சிலர் என்னென்னவோ வித்தை காட்டுவார்கள். ஸ்டோரிலேயே எஸ் மோடிலிருந்து வெளியேற இலவசமாக ஒரு பட்டன் இருக்கிறது. ஒருமுறை வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது, அவ்வளவுதான்.

திறக்க முடியாத பூட்டையும் பார்த்தேன். என்னைப் பார்த்து என் சிநேகிதன் ஒருவனும் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு லேப்டாப் வாங்கினான். என் அனுபவத்தைக் கேட்டிருந்ததால் புத்திசாலித்தனமாக முதல் வேலையாகப் பார்மட் போட்டான். நிறுவி முடித்து வைஃபையில் இணைத்ததும், ஒரு பெரிய நிறுவனத்தின் பெயரோடு வரவேற்புப் பக்கம் வந்து அலுவலக மின்னஞ்சலைக் கேட்டது. மறுபடி பார்மட். மறுபடி அதே பக்கம். மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட்டான்.

ஆட்டோபைலட் என்று இதற்குப் பெயர். கம்ப்யூட்டரின் வன்பொருள் அடையாளத்தை நிறுவனம் மைக்ரோசாஃப்டிடம் பதிவு செய்து வைத்திருக்கும். டிஸ்கைத் துடைத்தாலும் மாற்றினாலும், நெட்டில் இணைந்து புதிதாக நிறுவும்போதெல்லாம் "நீ இன்னாருடைய கம்ப்யூட்டர்" என்று அங்கிருந்து தகவல் வந்துவிடும். பூட்டு கம்ப்யூட்டரிலேயே இல்லை. பதிவை நீக்க வேண்டியது அந்த நிறுவனம்தான். முறையாக விற்றிருந்தால் நீக்கிவிட்டே விற்றிருப்பார்கள்.

கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நெட்டு குடுக்காம இன்ஸ்டால் பண்ணுங்க சார், வராது." சில நேரம் வராமலும் இருக்கும். ஆனால் நாளைக்கு ஒரு ரீசெட் செய்தால் அதே பக்கம் வந்து நிற்கும். அதோடு, அந்த நிறுவனம் இதை விற்றதா, காணாமல் போனதா என்று நமக்கு எப்படித் தெரியும்? "பில் இருக்கா அண்ணே, நீங்க வாங்கினதுக்கு?" என்று சிநேகிதன் கேட்டான். பதில் வரவில்லை. அரை மணி நேரம் பேசி, கூட 1,000 ரூபாய் கொடுத்து வேறொரு லேப்டாப்பை எடுத்துக்கொள்வது என்று முடிவானது.

இந்தத் தடவை பணம் கொடுப்பதற்கு முன் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பயாஸைத் திறந்தேன், பாஸ்வேர்ட் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று வைத்திருப்பேன், பழைய டெஸ்க்டாப்பில் பட்டன் பேட்டரியைக் கழற்றினால் போகிற பாஸ்வேர்ட் பல லேப்டாப்களில் போகாது. கமாண்ட் பிராம்ப்டில் டி எஸ் ஆர் இ ஜி சி எம் டி என்று சேர்த்து எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு ஸ்டேட்டஸ் என்று கொடுத்தேன். டொமைனில் சேர்ந்திருக்கிறதா, கிளவுடில் சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டு வரிக்கும் "நோ". அப்புறம் முழு ரீசெட் கொடுத்து, என் போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தேன். "இவ்ளோ நேரம் ஆகுமா சார்?" என்றார் கடைக்காரர். ஆகும் என்றேன். எதிர்க் கடையில் டீ சொன்னார். இரண்டாவது டீ வந்தபோது திரையில் நாடு எது, விசைப்பலகை எது என்ற கேள்விகள் முடிந்து, பெயர் கேட்கும் இடம் வந்தது. எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. சிநேகிதன் பர்ஸை எடுத்தான்.